நிலத்தில் எண்ணெய் கலந்திருப்பதை வயலிலேயே கண்டறிதல்

2017-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30-ந் தேதி, தஞ்சாவூர் ஜில்லா திருவிடைமருதூர் தாலுகாவைச் சேர்ந்த கதிராமங்கலத்தில், பூமிக்குள் பதித்திருந்த குழாயிலிருந்து கச்சா எண்ணெய் கசிந்து வயலில் பரவிய செய்தி நம்மவர் யாவரும் அறிந்ததே. அன்று அது எண்ணெய் என்பதில் ஒருவருக்கும் ஐயமிருக்கவில்லை. கண்ணும் மூக்குமே போதிய சாட்சிகளாயிருந்தன. ஆயின் எல்லாக் கசிவும் அவ்வாறு பகிரங்கமாய் வருவதில்லை. 2013-ல் சென்னை தொண்டையார்பேட்டையில், பூமிக்கடியில் கசிந்த எண்ணெய் ஆழ்துளைக் கிணறுகளின் நீரோடு கலந்து மேலே வந்தபோதுதான் அங்குள்ளோர் அதனை அறிந்தார்கள். மேலே ஒன்றும் தெரியாமலிருக்க, கீழே மண் எண்ணெயில் ஊறிக் கிடத்தல் கூடும் என்பதற்கு அஃதொன்றே போதிய திருஷ்டாந்தமாகும்.

காவிரிப் படுகையில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் கடந்துவிட்டன. 1993-ல் நாகப்பட்டினத்தையடுத்த பனங்குடியில் சுத்திகரிப்பு நிலையமும் ஏற்பட்டது. 2020-ல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாப் பகுதிகளில் புதிதாக எண்ணெய்க் கிணறு தோண்டுவதைத் தடுத்ததேயன்றி, அதற்கு முன்னரே நடந்துவந்த வேலைகளை நிறுத்திவிடவில்லை. ஆகவே குழாய்கள் நமது வயல்களின் கீழே இருக்கின்றன. வருஷத்துக்கு வருஷம் அவற்றின் வயதும் ஏறுகின்றது. குழாய் செல்லாத கிராமத்தாரும் இது தமக்குச் சம்பந்தமில்லாத விஷயமென்று இப்பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம். டீசல் எஞ்சின் கொட்டகையையும், டிராக்டர் நிறுத்தும் களத்தின் மூலையையும் ஒருமுறை தோண்டிப் பார்ப்பவர்கள், எண்ணெய்க் கசிவு தம் வீட்டு வாசலிலேயே நெடுநாளாக நடந்து வருவதைக் காண்பார்கள். கழிவு எஞ்சின் எண்ணெயை வேலியோரம் ஊற்றிவிடும் வழக்கம் நம்மிடையே சர்வசாதாரணமாயிருக்கிறது.

இவ்வியாசத்தில் கூறப்போவது, எண்ணெய் கலந்த நிலத்தைத் திருத்தும் விதமன்று. அது வேறொரு பெரிய விஷயம். மண்ணில் எண்ணெய் இருக்கிறதா, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைக் குடியானவரும் கிராம அதிகாரியும் வயலிலேயே எவ்விதம் அறியலாம் என்பதும், அறிந்ததை நிலைநிறுத்தத்தக்க சாட்சியாக்குவது எங்ஙனம் என்பதுமே இங்கு விஷயம். இதனை அவசரமாக எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணமுண்டு. எண்ணெய்க் கசிவின் சாட்சி நாளுக்கு நாள் அழிவது. வெயில் காலத்தில் மேல்மண்ணில் சிந்திய பெட்ரோலில் பெரும்பாகம் சில நாட்களில் ஆவியாய்ப் போய்விடும். கச்சா எண்ணெயிலும் இலேசான பாகம் முதலில் பறந்துவிடும். மிகுந்ததைக் கசிவுக்குரியவர்கள் வெட்டியெடுத்துப் புதுமண் பரப்பிவிடுவதும் உண்டு. அதன்பிறகு குடியானவர் எவ்வளவு முறையிட்டாலும் காட்டுவதற்கு ஒன்றுமிராது.

என் அநுபவத்திலேயே அப்படி ஒன்று நேர்ந்தது. சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் குழாய்ப் பாதையோரம் இருந்த நாற்றங்கால் திட்டுத்திட்டாய்ப் பழுத்துவிட்டதென்று அழைப்பு வந்து போனேன். மண்ணை வெட்டியவுடன் மண்ணெண்ணெய் போன்ற வாடை தெளிவாகவே அடித்தது. கையில் வேறு பாத்திரமில்லாமையால், அம்மண்ணை உரம் எடுக்கும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, மறுநாளும் அதற்கு மறுநாளும் ஜீப்பின் பின்பக்கத்தில் வெயிலில் வைத்திருந்து, பிறகு பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினேன். குறிப்பிடத்தக்க அளவு எண்ணெய் இல்லை என்று பதில் வந்தது. அதற்குள் இடமும் திருத்தப்பட்டுவிட்டது. அந்த மிராசுதாருக்குக் கிடைக்க வேண்டிய நஷ்டஈடு என் கவனக்குறைவால் போயிற்று. அக்குடும்பத்தாரை இன்றும் கடைத்தெருவில் காணும்போது எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

எண்ணெய் மண்ணில் நடந்துகொள்ளும் விதம்

எண்ணெய் மண்ணில் விழுந்ததும் மணல் நிலமாயின் விரைவிலும், களி நிலமாயின் வெடிப்புகளின் வழியாகவும் கீழே இறங்கும். நிலத்தடி நீர்மட்டத்தை எட்டினால் நீரினும் இலேசானதாகையால் அதன்மேல் படிந்து, நீரோட்டம் சாய்ந்த பக்கமாகப் பரவும். ஆகையால் மேலே கறை காணும் இடமும், கீழே எண்ணெய் தங்கும் இடமும் ஒன்றாகவே இருக்குமென்று எண்ணலாகாது. நீர் நிற்கும் நஞ்சையில் இதற்கு மாறாக, எண்ணெய் நீரின்மேல் மிதந்து, காற்றடிக்கும் திசையில் வரப்போரம் ஒதுங்கிப் பயிரின் தூரைப் பூசிக்கொள்ளும். இந்நிலையில் மண்ணைவிட வரப்போரத்துத் தண்ணீரையும் தூரையும் பார்ப்பதே சிறந்தது.

மண்ணுக்குள் சென்ற எண்ணெயை அங்கே வாழும் நுண்கிருமிகள் உணவாகக் கொள்ளத் தொடங்குகின்றன. அங்ஙனம் உண்ணும்போது அவை மண்ணிலுள்ள பிராணவாயுவைச் செலவிட்டுக் கரியமிலவாயுவை விடுகின்றன. எண்ணெயில் தழைச்சத்து மிகச் சொற்பமாகையால், தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே பறித்துக்கொள்கின்றன. வேர்கள் மூச்சுக்கும் உணவுக்கும் ஒருங்கே முட்டுப்படுகின்றன. எண்ணெய் பூசப்பட்ட மண் துகள்கள் தண்ணீரை ஏற்காமல் ஒதுக்குகின்றன. கீழே சொல்லப்போகும் பரீக்ஷைகள் பெரும்பாலும் இந்த மாறுதல்களில் ஏதேனும் ஒன்றைப் பற்றியவை என்பதை நினைவில் வைத்தால், அவற்றின் பலத்தையும் பலவீனத்தையும் எளிதில் உணரலாம்.

நீரின் மேல் மினுக்கும் படலம்

நமது இலாகாவுக்கு வரும் புகார்களில் மிகுதியானவை, வயல் நீரின்மேல் வானவில் நிறமாக எண்ணெய்ப்படலம் காண்கிறதென்பவையே. நேரில் போய்ப் பார்த்தால் பல சமயங்களில் அது எண்ணெயே அல்ல. நீர் தேங்கிய நஞ்சை மண்ணில் காற்றோட்டம் குறைவதால், அங்குள்ள இரும்பு கரைந்து நீரில் வருகிறது. அது மேற்பரப்பில் காற்றுடன் சேருமிடத்தில், இரும்பைத் துருவாக மாற்றும் ஒருவகைக் கிருமிகள் மெல்லிய ஏடு போன்ற படலத்தை உண்டாக்குகின்றன. அது எண்ணெயைப் போலவே மினுக்கும். அதன் அடியில் துருநிறமான வண்டலும் காணும்.

இவ்விரண்டையும் பகுத்தறிய ஒரு குச்சி போதும். படலத்தைக் குச்சியால் கிழித்துப் பாருங்கள். இரும்புப் படலமாயின் உடைந்த அப்பளத்தைப் போல முனையும் கோணமுமாய்ச் சில்லுச் சில்லாகப் பிரிந்து, பிரிந்தபடியே நிற்கும். எண்ணெயாயின் குச்சி சென்ற வழி உடனே மூடிக்கொண்டு, நிறங்கள் சுழித்து ஒன்றாய்ச் சேரும். ஒரு சமயம் ஒரு பெரிய மிராசில் ஆட்கள் கூடிக் குழாய்க்காரர்களை வளைத்துக்கொண்டு நிற்க, அங்கிருந்த கிராம உதவியாளர் ஒரு வேப்பங்குச்சியால் இந்தப் பரீக்ஷையைச் செய்து காட்டிச் சண்டையை நிறுத்தியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் பட்டம் பெற்றவர்கள் சிலர் இருந்தும் அவர்களுக்கு அது தோன்றவில்லை. பொய்ப் புகார் ஒன்றால் வரும் கெடுதி அன்றைய தகராறோடு போவதன்று. பின்னால் வரும் மெய்ப் புகாரையும் அது கெடுத்துவிடும்.

சேற்றிலிருந்து குமிழிகள் வருவதும் இத்தகையதே. எரிவாயுக் குழாய் கசிந்தால் நீரில் குமிழி வருவது உண்மை. ஆனால் தழையுரமிட்டுச் சேறடித்த எந்த வயலிலும் சதுப்பு வாயு குமிழி விடும். கலக்கினால் வந்து பிறகு அடங்குவது வயலின் வாயு. கலக்காமலேயே ஒரே இடத்தில் இரவும் பகலும் இடைவிடாது வருவது சந்தேகத்துக்குரியது. அப்படிக் கண்டால் நெருப்பைக் கிட்டே கொண்டுபோகாமல் விலகி நின்று தகவல் கொடுக்க வேண்டும்.

பயிரைப் பார்த்து அறிதல்

எண்ணெய் கண்ட இடத்தில் விதை முளைப்பது குறையும். முளைத்த பயிர் தழைச்சத்து இல்லாதது போல் வெளுத்துக் குறுகி நிற்கும். நீர் பாய்ச்சியும் அந்தத் திட்டு மட்டும் வாடும். ஆனால் பயிரின் அடையாளத்தை மாத்திரம் நம்பித் தீர்மானித்தல் கூடாது. துத்தநாகக் குறைவு, உவர், வேர்ப்புழு முதலியவையும் திட்டுத்திட்டான வெளுப்பைத் தரும். குழாய் பதித்த பாதை நெடுகப் பயிர் மெலிந்து நிற்பதைக் கண்டு கசிவென்று கூறுவாரும் உண்டு. குழி தோண்டியபோது சத்தற்ற அடிமண் மேலாகவும், மேல்மண் கீழாகவும் புரட்டப்பட்டதன் விளைவே பெரும்பாலும் அது. அதற்கும் நஷ்டஈடு கேட்க நியாயமுண்டு. ஆனால் அது வேறு வழக்கு. பாதை முழுதும் ஒரே சீராக மெலிந்திருப்பின் மண் புரட்டல் என்றும், பாதையில் ஓரிடத்தில் தொடங்கித் தாழ்ந்த பக்கமாக விரிந்து செல்லின் கசிவு இருக்கலாமென்றும் முதலில் கொள்க. எதையும் தோண்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தோண்டுவதிலும் ஒரு எச்சரிக்கை. குழாயின் நேர் மேலே கடப்பாறையாவது மண்வெட்டியாவது போடலாகாது. பாதைக்கு வெளியே, நிலம் சாய்ந்த பக்கத்தில், கைத்திருகுத் துளைப்பானால் துளையிட்டு, ஒவ்வொரு சாண் ஆழத்திற்கும் மண்ணை வரிசையாய் எடுத்து வைத்துப் பார்ப்பதே முறை.

மூக்கின் உபயோகமும் அபாயமும்

மூக்கு பழமையான கருவி. பெட்ரோல், டீசல் முதலியவற்றை மிகச் சொற்ப அளவிலேயே உணர்ந்துவிடும். ஆயினும் அதை நம்பி வேலை செய்வதில் குறைகள் பல. ஐந்து நிமிஷம் வாடையில் நின்றவன் மூக்கு அந்த வாடையை மறந்துவிடும். பழைய கச்சா எண்ணெயும் கழிவு எஞ்சின் எண்ணெயும் மண்ணைக் கருக்கும்படி இருந்தும் வாடை குறைவாகவே வீசும். நஞ்சைச் சேற்றின் இயற்கையான அழுகல் வாடை வேறு குறுக்கிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கச்சா எண்ணெயிலும் பெட்ரோலிலும் உள்ள பென்சீன் என்னும் பொருள் இரத்தத்தைக் கெடுத்துப் புற்றுநோய் உண்டாக்க வல்லது. எண்ணெய்க் கிணற்று வாயுவில் கந்தகம் கலந்த நச்சுக் காற்று இருந்தால், அது அதிகமாகுந்தோறும் மூக்கை மரத்துப்போகச் செய்யும். வாடை நின்றுவிட்டதென்று எண்ணி முன்னே செல்பவன் மயங்கி விழுவான். ஆகவே மண்ணை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பதை விட்டுவிடுங்கள். நின்ற இடத்தில் தானே வரும் வாடையைக் குறித்துக்கொள்வது போதும். குழிக்குள் தலையைக் குனிவதும், அங்கே பீடி பற்றவைப்பதும் உயிருக்கு உலை.

பாட்டில், காகிதம், சாயம்

செலவில்லாத பரீக்ஷைகளில் பாட்டில் பரீக்ஷையே முதன்மையானது. வாயகன்ற கண்ணாடிப் பாட்டிலில் இரண்டு கைப்பிடி மண் இட்டு, அதன் இரு மடங்கு சுத்த நீர் ஊற்றி மூடி, நன்றாகக் குலுக்கி அரைமணி அசையாது வைக்க. நீரின்மேல் நிறம் மினுக்கும் படலமோ, பாட்டிலின் கழுத்தில் பிசுக்கு வளையமோ கண்டால் எண்ணெய் இருக்கலாம். இரும்புப் படலம் இப்படிக் குலுக்கியவுடன் மறுபடி கூடாது; எண்ணெய் கூடும். வண்டல், மணல் நிலங்களுக்கு இது நன்று. களிமண் எண்ணெயை இறுகப் பற்றிக்கொள்ளுமாகையால், அதில் ஒன்றும் தோன்றாதது கொண்டு எண்ணெய் இல்லையென்று சொல்லிவிட முடியாது.

காகிதப் பரீக்ஷைக்கு, மண்ணை மை ஒற்றும் தாளின்மேல் அழுத்தி வைத்துப் பிறகு எடுத்துவிட்டுத் தாளை நிழலில் உலர்த்த வேண்டும். நீர்க்கறை உலர்ந்து மறையும். டீசலும் கச்சா எண்ணெயும் பட்ட இடம் வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி போல் ஒளி விட்டுக்கொண்டு நிற்கும். பெட்ரோல் மட்டும் பறந்துவிடுவதால் இதில் அகப்படாது.

சாயப் பரீக்ஷை இன்னும் நுட்பமானது. சுடான் 4 என்னும் சிவப்புச் சாயம் நீரில் கரையாமல் எண்ணெயில் மட்டும் கரையும். மண்ணும் நீரும் இச்சாயமும் சேர்த்துக் குலுக்கினால், எண்ணெய்த் துளிகள் மாத்திரம் சிவந்து தோன்றும். இதற்கான சிறு பாட்டில்கள் தயாராக விற்கப்படுகின்றன.

இங்கே குடியானவர்களுக்கென்றே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நாம் வயலுக்கு வேப்பம்பிண்ணாக்கும், புங்கம்பிண்ணாக்கும், கடலைப்பிண்ணாக்கும் இடுகிறோம். அவற்றிலுள்ள எண்ணெயும் எண்ணெயே. காகிதத்தில் கறை விடும், சுடான் சாயத்தில் சிவக்கும். பட்டணத்துக் கம்பெனிகளின் குறிப்புப் புஸ்தகங்களில் இதைப் பற்றி வெகு அபூர்வமாகவே எழுதியிருக்கிறது. ஆதலால் சந்தேக மண்ணோடுகூட, அதே எருவும் பிண்ணாக்கும் இடப்பட்டு, கசிவுக்கு எட்டாத மேட்டுப் பக்கத்து மண்ணையும் எடுத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் பரீக்ஷிக்க வேண்டும். ஒப்பிட ஒரு மண் இல்லாத பரீக்ஷை செல்லாது.

உலர்ந்த மண்ணின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது உட்புகாமல் முத்துப்போல் நிற்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. தைலமரத் தோப்பின் அடிமண் எண்ணெயே இல்லாமலும் நீரை ஒதுக்கும் என்பதால் இதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை.

புற ஊதாக்கதிர் விளக்கு

கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்க வைத்திருக்கும் ஊதா விளக்கு எண்ணெய்க்கும் ஏற்றது. 365 நானோமீட்டர் அலைநீளமுள்ள கைவிளக்காக வாங்கினால் நல்லது. கச்சா எண்ணெயில் வளைய அமைப்புள்ள கரிமப் பொருள்கள் பல உண்டு. அவை கண்ணுக்குத் தெரியாத ஊதாக்கதிரை ஏற்றுக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பி விடுகின்றன. இருட்டில் இவ்விளக்கை மண்ணின்மேல் பிடித்தால், இலேசான கச்சா எண்ணெய் வெண்ணீலமாயும் மஞ்சளாயும், கனத்த எண்ணெய் காவியாயும் ஒளிரும். தாவர எண்ணெய்கள் இவ்வளவு ஒளிர்வதில்லை என்பதால் பிண்ணாக்குச் சந்தேகத்தை நீக்கவும் இது உதவும்.

குறைகளும் உண்டு. பெட்ரோல் இதில் சரியாகத் தெரியாது. சலவைப் பவுடர் கலந்த நீர் பாய்ந்த மண்ணும், காகிதத் துண்டும், சிலவகைச் சுண்ணாம்புக் கற்களும் ஒளிரும். இரவில் வரப்பில் இவ்விளக்கோடு நடப்பவர்கள் பச்சை நீலமாய் ஒளிரும் தேள்களையும் காண்பார்கள். அது பற்றிக் குறை சொல்வாரில்லை. விளக்கைக் கண்ணுக்கு நேரே காட்டலாகாது. துளைப்பானால் எடுத்த மண் கட்டியைக் கைபடாமல் பிளந்து, பிளந்த முகத்தை ஒரு கறுப்புப் போர்வைக்குள் வைத்துப் பார்த்தால் பகலிலும் போதும். எந்த ஆழத்தில் ஒளி தொடங்கி எந்த ஆழத்தில் முடிகிறதென்பதைக் குறித்தால், எண்ணெய் படிந்த அடுக்கு தெரிந்துவிடும். இதே தத்துவத்தைக் கொண்டு, லேசர் ஒளியைக் கூர்முனைக் கோலின் வழியாகப் பூமிக்குள் செலுத்தி, கோல் இறங்க இறங்க ஆழவாரியாக அளக்கும் பெரிய யந்திரங்களும் மேல்நாடுகளில் உபயோகத்தில் உள்ளன.

அதிகாரிகள் கொண்டுவரும் கருவிகள்

கசிவு விசாரணைக்கு வருவோர் கையில் பெரும்பாலும் ஆவி அளக்கும் கருவி ஒன்று இருக்கும். அதனுள் உள்ள விளக்கு, உறிஞ்சப்பட்ட ஆவியின் அணுக்கூட்டங்களிலிருந்து மின்னணுக்களைப் பெயர்க்கிறது. அதனால் உண்டாகும் சிறு மின்னோட்டம் எண்ணாகத் தெரிகிறது. சாதாரணமாக இவ்விளக்கின் சக்தி 10.6 எலக்ட்ரான் வோல்ட். பென்சீனுக்கு 9.24 போதுமாகையால் அது அகப்படும். சதுப்பு வாயுவாகிய மீத்தேனுக்கு 12-க்கு மேல் வேண்டுமாகையால் அகப்படாது. நஞ்சை நிலத்தில் இது ஒரு சௌகரியமே. சேற்று வாயுவை எண்ணெயென்று இக்கருவி தவறிச் சொல்லாது. ஆனால் எரிவாயுக் குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்க இதைக் கொண்டுவந்து எண் ஒன்றும் வரவில்லை என்று காட்டினால், அதை ஒப்புக்கொள்ளக் கூடாது. அதற்கு வேறு கருவி உண்டு.

சரியான முறை யாதெனில், பாட்டிலில் பாதியளவு மண்ணிட்டு வாயை உலோகத் தகட்டுத் தாளால் இறுக மூடி, குலுக்கிப் பத்து நிமிஷம் வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, தாளில் கருவியின் முனையைக் குத்தி மேலே தங்கிய ஆவியை அளப்பதாகும். திறந்த வயலில் காற்றில் கருவியை ஆட்டிவிட்டு எண் இல்லையென்று எழுதிக்கொண்டு போவது பரீக்ஷையாகாது. மழைநாளின் ஈரக்காற்றும் எண்ணைக் குறைத்துக் காட்டும். கருவி காட்டும் எண், மண்ணில் உள்ள எண்ணெயின் எடை அல்ல. ஓரிடத்தை மற்றோரிடத்தோடு ஒப்பிட உதவும் குறியே. நெடுநாள் வெயிலில் கிடந்த கனத்த எண்ணெய் ஆவி விடாதாகையால், மண் கறுத்திருந்தும் எண் சைபராகவே இருக்கும். அத்தகைய மண்ணை மெதனாலில் குலுக்கி வடித்து, வடித்ததை வேறொரு திரவத்தில் சேர்த்து, உண்டாகும் கலங்கலை ஒளியால் அளக்கும் வயல் பெட்டிகள் இருக்கின்றன. மட்கிய எருவும் சிறிது கலங்கல் தரும். இங்கும் ஒப்பிடும் மண் அவசியம்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. நெதர்லாந்து தேசத்தார் ஒரு கிலோ மண்ணில் 5000 மில்லிகிராம் கனிம எண்ணெய் இருப்பதை, திருத்த வேண்டிய கடுங்கேட்டின் எல்லையாக வகுத்தார்கள். அதாவது நூற்றுக்கு அரை பாகம். பார்வைக்கு அது பெரிய அளவாய்த் தோன்றாது.

தோண்டாமலே அறிவது

மண்ணைத் தொடாமல் மேலிருந்தே அறியும் வழிகளும் உண்டு. அவற்றைப் பற்றி உலகம் கற்றுக்கொண்ட பாடங்களில் பெரும்பகுதி, அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணத்துப் பெமிட்ஜி என்னும் ஊருக்கருகே நிகழ்ந்த ஒரு விபத்தினால் வந்தது. 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ந் தேதி அங்கே பூமிக்குள் சென்ற குழாய் வெடித்துச் சுமார் 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் வெளிவந்தது. கூடியமட்டும் எடுத்த பின்னும் சுமார் 4 லட்சம் லிட்டர் மண்ணிலேயே தங்கிற்று. 1983 முதல் அந்நாட்டுப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகா அவ்விடத்தை ஆராய்ச்சி நிலையமாக்கியது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் எண்ணெய் அங்கே நிலத்தடி நீரின்மேல் இருக்கக் கண்டார்கள்.

அங்கே கண்டவற்றுள் நமக்கு ஏற்றவை இரண்டு. கிருமிகள் எண்ணெயை உண்ணும் இடத்துக்கு மேலே மண்ணிடைக் காற்றில் பிராணவாயு குறைந்து கரியமிலவாயு மிகுகிறது. மண்ணின் உஷ்ணமும் சிறிது ஏறுகிறது. ஆகவே மெல்லிய குழாயைச் செருகி மண்ணிடைக் காற்றை இழுத்துச் சோதித்தால், கீழே பல அடி ஆழத்தில் உள்ளதையும் ஊகிக்கலாம். மற்றொன்று மின்சாரம் பற்றியது. எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாதாகையால், எண்ணெய் உள்ள மண் மின்னோட்டத்தைத் தடுக்கும் என்றே முதலில் எதிர்பார்த்தார்கள். புதிய கசிவில் அது சரி. பழைய கசிவிலோ கிருமிகள் உண்டாக்கும் அமிலங்கள் மண்ணின் தாதுக்களைக் கரைத்து உப்பாக்குவதால், மின்சாரம் முன்னிலும் நன்றாக ஓடுகிறது. கசிவின் வயது தெரியாமல் மின் அளவைக் கொண்டு தீர்ப்புச் சொல்பவர் நேர்மாறாகச் சொல்லிவிடக்கூடும். கடலோர உவர்நிலங்களில் இம்முறையை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஆகாய விமானத்திலிருந்து அகச்சிவப்புக் கதிர்களைப் பகுத்துப் பார்க்கும் முறையும் உண்டு. எண்ணெய் 1.73, 2.31 மைக்ரான் அலைநீளங்களில் ஒளியை விழுங்குவது அதன் அடையாளம். வெறும் உலர்ந்த தரையில்தான் இது பலிக்கும். பயிரோ நீரோ மூடிய நிலத்தில் பலிக்காது. டெல்டாவில் தாளடி அறுத்த பின் கோடையில் சில வாரங்களே இதற்குக் காலம்.

பரிசோதனைச் சாலைக்கு மண் அனுப்பும் விதம்

வயல் பரீக்ஷைகள் யாவும் எங்கே தோண்டுவது என்பதைக் காட்டுமேயன்றி, நீதி ஸ்தலத்தில் நிற்பது பரிசோதனைச் சாலையின் அறிக்கையே. என் தவறை மற்றவர் செய்யாதிருக்கும் பொருட்டுச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பாட்டில் கண்ணாடியாயிருக்க வேண்டும். பிளாஸ்டிக் எண்ணெயின் ஆவியைத் தானே உறிஞ்சிக்கொள்ளும், தன் பொருளையும் மண்ணுக்குக் கொடுக்கும். மூடியின் உட்புறம் ரப்பராயின் சுத்தமான அலுமினியத் தாளை இடையில் வைத்து மூடுக. மண்ணை விளிம்புவரை இடைவெளியின்றி அடைக்க வேண்டும். மேலே வெற்றிடமிருந்தால் ஆவி அங்கே தங்கித் திறக்கும்போது போய்விடும். உடனே பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, அன்றோ மறுநாளோ சேர்ப்பித்துவிடுக. குளிரில் வைத்தாலும் பதினான்கு நாட்களுக்குள் சோதிக்கப்பட வேண்டும்.

கறை மிகுந்த நடுவிடம், கறையின் விளிம்பு, சாய்ந்த பக்கம், கசிவு எட்டாத மேட்டுப்பக்கம் என நான்கு இடங்களிலாவது, மேல்மண்ணிலும் இரண்டடி ஆழத்திலும் தனித்தனியே எடுக்க. சுத்தமான இடத்தில் தொடங்கிக் கறையுள்ள இடத்தில் முடிக்க வேண்டும். துளைப்பானை ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டும். பாட்டிலின்மேல் சர்வே நம்பர், ஆழம், தேதி, மணி, எடுத்தவர் பெயர் எழுதி, கிராம நிர்வாக அதிகாரியும் நிலத்துக்காரரும் குழாய்க்காரர் தரப்பில் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். அவர் மறுத்தால் மறுத்தாரென்றே எழுதுக. ஒவ்வொன்றிலும் இரண்டு பாட்டில் எடுத்து ஒன்றைத் தாலுகா அலுவலகத்தில் முத்திரையிட்டு வைத்தல் உத்தமம். இவை எடுக்கப்படும்வரை இடத்தை உழவோ, நீர் விட்டு அலசவோ, மண் மாற்றவோ ஒருவரையும் விடலாகாது. ஆனால் மடையை அடைத்து, வைக்கோல் கட்டுகளை வரப்போரம் போட்டு எண்ணெய் அடுத்த வயலுக்கும் வாய்க்காலுக்கும் போகாமல் தடுப்பதை ஒரு கணமும் தாமதிக்க வேண்டாம்.

பெட்ரோலியக் குழாய்களுக்காக நிலத்தின் உபயோக உரிமையை எடுத்துக்கொள்வது பற்றிய 1962-ஆம் வருஷத்துச் சட்டத்தில், குழாய் வேலைகளால் நேரும் சேதத்திற்கு நஷ்டஈட்டை அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி முதலில் நிர்ணயிப்பதென்றும், அதை ஏற்காதவர் ஜில்லா நீதிபதிக்கு மனுச் செய்யலாமென்றும் விதி இருக்கிறது. 2010-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்ட தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கோருவோருக்குக் காலவரம்பு, காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டுகள். எங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது மண்ணின் அறிக்கை.

குழாய் செல்லும் கிராமங்களில் கிராம நிர்வாக அதிகாரிகள், பாதை எந்தெந்த சர்வே நம்பர்களில் போகிறதென்பதையும், குழாய்ப் பாதைக் கற்களில் எழுதியுள்ள அவசர டெலிபோன் எண்ணையும் ஒரு தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டிவைக்கலாம். அதன் பக்கத்தில் ஒரு ஊதா விளக்கும், கழுவி உலர்த்திய எட்டு கண்ணாடிப் பாட்டில்களும், ஒரு சுருள் அலுமினியத் தாளும் இருந்தால் போதும். கைத்திருகுத் துளைப்பான் வேண்டுவோர் தம் வட்டார விவசாய அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.